ஊற்றினால் வாடும், ஊற்றாவிட்டால் துளிர்க்கும்

பங்குனி பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர்ப் பக்கம் பச்சையைத் தேடித்தான் பார்க்க வேண்டும். கொள்ளு அறுத்த மேட்டு நிலங்கள் வெறும் செம்மண்ணாகக் கிடக்கும். ஏரிகளில் சேறு வெடித்திருக்கும். மழை பெய்து மூன்று மாதம் ஆகியிருக்கும். அந்த மாதத்தில்தான் சாலையோர வேம்பு தளதளவென்று துளிர்விடுகிறது. தெலுங்கு, கன்னட வீடுகளில் உகாதிக்கு வெல்லத்தோடு கலக்கவும், தமிழ் வீடுகளில் சித்திரை முதல் நாள் பச்சடி வைக்கவும் பூ தயாராக இருக்கிறது. அந்த மரத்துக்கு யாரும் ஒரு சொம்புத் தண்ணீர்கூட ஊற்றியதில்லை.

அதே தெருவில், சுற்றுச்சுவருக்குள் நிற்கும் ரோஜாவைப் பாருங்கள். ஓசூர் நர்சரியில் ஆசையாக வாங்கி வந்த செடி. காலையும் மாலையும் குழாய்த் தண்ணீர் கிடைக்கிறது. ஆனால் பகல் இரண்டு மணிக்கு அது தலை தொங்கி நிற்கிறது.

ஊற்றிய செடி வாடுகிறது. ஊற்றாத மரம் துளிர்க்கிறது. 'வேம்பு நம்ம ஊர் மரம், ரோஜா வெளியூர்ச் செடி' என்று சொல்லி இதைக் கடந்துவிடலாம். அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஓசூர் பர்கூரைவிடச் சில நூறு மீட்டர் உயரத்தில், குளிர்ந்த காற்றில் இருக்கும் ஊர். அங்கே செழித்த ரோஜா இங்கே திணறத்தான் செய்யும். ஆனால் முழு விடை அதுவல்ல. அதே வேம்பையும் நாம் சுற்றுச்சுவருக்குள் நட்டு, தினமும் தண்ணீர் ஊற்றி, ரோஜாவைப் போல் வாட வைத்துவிட முடியும். எப்படி என்பதுதான் இந்த அத்தியாயம்.

மழை குறைந்த ஊரா இது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை ஒதுக்கிவிடுவோம். பர்கூரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மி.மீ. மழை பெய்கிறது. எப்போதும் ஈரமாக இருப்பதாக நாம் நினைக்கும் லண்டனில் பெய்வது ஏறத்தாழ 600 மி.மீ. தான். ஆக, மழைக் கணக்கில் நாம் லண்டனைவிட வசதியானவர்கள்.

வேறுபாடு இரண்டு இடத்தில் இருக்கிறது. லண்டனில் அந்த மழை ஆண்டு முழுவதும் நூறு நாளுக்கு மேல் தூறலாகப் பிரிந்து விழுகிறது. இங்கே பெரும்பகுதி ஆடி தொடங்கிக் கார்த்திகைக்குள் சில பத்து நாள்களில் கொட்டிவிடுகிறது. மார்கழியோடு நின்றுபோனால், கோடை மழை எட்டிப்பார்க்கும் வரை நூறு நாள் வறட்சி.

இரண்டாவது, காற்றின் தாகம். வெயிலும் காய்ந்த காற்றும் சேர்ந்து மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் இழுக்கக்கூடிய நீரை ஆண்டு முழுவதற்கும் கூட்டினால், பெய்யும் மழையைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு வரும். ஆக நம் செடிகளின் சிக்கல் ஆண்டு மழையின் அளவில் இல்லை. ஐப்பசியில் வந்ததைச் சித்திரை வரை வைத்துக்கொள்ள முடியுமா என்பதில் இருக்கிறது.

செடி ஏன் இவ்வளவு தண்ணீரை இழக்கிறது?

வேர் உறிஞ்சும் நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்கு மேல் ஆவியாகிக் காற்றில் போய்விடுகிறது. உடம்பு வளர்க்கச் செடி எடுத்துக்கொள்வது மிச்சமுள்ள சில பங்குதான். ஊதாரித்தனம் போலத் தெரிந்தாலும் இதைச் செடியால் தவிர்க்க முடியாது.

இலையின் தோலில், பெரும்பாலும் அடிப்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற துளைகள் உள்ளன. இவற்றை இலைத்துளைகள் என்போம். உணவு தயாரிக்கத் தேவையான கரியமில வாயு இந்தத் துளைகள் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும். காற்றில் அந்த வாயு மிக மிகக் குறைவு. பத்தாயிரம் பங்கில் நாலு பங்கு சொச்சம். அதைப் பிடிக்கத் துளைகள் நீண்ட நேரம் திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கும்போது இலைக்குள் இருக்கும் ஈரம் வெளியே ஓடிவிடுகிறது. மூடினால் ஈரம் மிஞ்சும், ஆனால் சாப்பாடு நிற்கும்.

வெயில் ஊரின் செடிகள் கையாளும் உத்திகள் எல்லாமே இந்த ஒரு நெருக்கடிக்கான வெவ்வேறு தீர்வுகள். அவற்றைப் புரிந்துகொள்ளச் சுலபமான வழி, ஒரு சிறு துண்டு நிலத்தை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்ப்பது.

ஒரு சதுர மீட்டர் நிலம், நூறு நாள்

உங்கள் வாசலில் நீளம் ஒரு மீட்டர், அகலம் ஒரு மீட்டர் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் ஒரு மி.மீ. மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர் விழுந்ததாகப் பொருள். இனி எல்லாவற்றையும் லிட்டரிலேயே சொல்லலாம்.

பர்கூரின் சரளை கலந்த செம்மண் நன்றாக நனைந்து, மிகைநீர் வடிந்த பிறகு, ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஏறத்தாழ 100 லிட்டர் நீரைச் செடிக்காகப் பிடித்து வைக்கும். இதை ஒரு சேமிப்புக் கணக்கு என்று வைத்துக்கொள்வோம். மார்கழிக் கடைசியில் கணக்கில் 100 லிட்டர் இருக்கிறது. அடுத்த நூறு நாளுக்கு வரவு எதுவும் கிடையாது.

அந்த இடத்தில் புல்தரை போட்டிருக்கிறீர்கள் என்று கொள்வோம். புல்லின் வேர் அரை அடி ஆழம். அதற்கு எட்டுவது மேலே உள்ள 15 லிட்டர் மட்டுமே. உச்சக் கோடையில், இலை அடர்ந்து தடையில்லாமல் நீர் கிடைக்கும் ஒரு சதுர மீட்டர் பசுமை நாளொன்றுக்கு 6 லிட்டர் செலவழிக்கும். இரண்டரை நாளில் கணக்குத் தீர்ந்துவிடும். மூன்றாம் நாள் புல் சுருளும். அதற்குக் கீழே 85 லிட்டர் பத்திரமாக இருக்கும், ஆனால் புல்லுக்கு எட்டாது. அதனால்தான் பத்தடிக்குப் பத்தடிப் புல்தரைக்குக் கோடையில் தினமும் 55 லிட்டர், அதாவது நாலைந்து குடம் வேண்டியிருக்கிறது.

இப்போது புல்லை எடுத்துவிட்டு, ஒரு மீட்டர் ஆழம் வேர்விடும் செடியை வைப்போம். வேறு எந்தச் சிக்கனமும் இல்லாமல் அதே 6 லிட்டரைச் செலவழித்தாலும் 16 நாள் தாங்கும். வேரின் ஆழம் மட்டுமே தந்த லாபம் இது.

அடுத்து, அந்தச் செடி வெயில் ஏறியதும் இலைத்துளைகளை மூடப் பழகியது, இலையும் சிறியது, எண்ணிக்கையும் குறைவு என்று கொள்வோம். செலவு 2 லிட்டராகக் குறைகிறது. தாங்கும் நாள் 50.

கடைசியாக வேம்பின் உத்தியைச் சேர்ப்போம். தை பிறந்து முதல் 40 நாள் 2 லிட்டர் வீதம் செலவு. 80 லிட்டர் போனது. மீதி 20. இந்தக் கட்டத்தில், மாசியில், மரம் பழைய இலைகளை உதிர்த்துவிடுகிறது. இலை இல்லாத மரத்தின் செலவு அரை லிட்டருக்குள் அடங்கும். மீதியுள்ள 20 லிட்டர் இன்னும் 40 நாளுக்கு வரும். ஆக 80 நாள். ஒரு மீட்டர் ஆழத்திலேயே நூறு நாளை நெருங்கிவிட்டோம். உண்மையான வேம்பு ஒரு மீட்டரோடு நிற்பதில்லை. பாறை சிதைந்து வெடித்த இடுக்குகள் வழியே இன்னும் கீழே இறங்கி, பக்கவாட்டிலும் பல சதுர மீட்டருக்குப் பரவுகிறது.

துளிர் வரும் புதிருக்கும் இங்கேயே விடை இருக்கிறது. இலை உதிர்ந்ததும் ஆவியாகும் வழி அடைபடுகிறது. ஆழத்து வேர்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும் நீர் தண்டிலும் கிளையிலும் தேங்குகிறது. காய்ந்து கிடந்த கிளை மறுபடி நீர் பிடித்ததும் மொட்டு விரிகிறது. கோடை மழையின் முதல் துளி விழும்போது மரம் புது இலையோடு தயாராக நிற்கிறது.

அரளி இலையைத் திருப்பிப் பாருங்கள்

நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் அரளியையும் காகிதப்பூவையும் நட்டு வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இருபுறமும் தார், மேலே வெயில், நாள் முழுவதும் லாரிக் காற்று. அங்கே அரளி எப்படிப் பிழைக்கிறது?

ஒரு இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தை நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வெளிர்ப் புள்ளிகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு சிறு குழி. அரளியின் இலைத்துளைகள் தோலின் மேற்பரப்பில் இல்லாமல் இந்தக் குழிகளுக்குள் ஒளிந்திருக்கின்றன. குழியின் வாயில் நுண்ணிய ரோமங்கள் அடர்ந்திருக்கும். வெளியே எவ்வளவு காற்று அடித்தாலும் குழிக்குள் காற்று அசையாமல் ஈரமாகவே இருக்கும். அதனால் நீர் மெதுவாகத்தான் வெளியேறும். இலையின் மேல்பக்கத்தில் தடித்த மெழுகுத் தோல் இருப்பது கூடுதல் காப்பு. பார்த்த பிறகு கையைக் கழுவிக்கொள்ளுங்கள். அரளியின் எல்லாப் பாகமும் நஞ்சு. ஆடுமாடு அதைத் தொடாததற்கும் அதுதான் காரணம்.

எருக்கின் இலையில் உள்ள வெண்பூச்சு, ஆவாரையின் சிற்றிலைகள், முருங்கையின் பொடி இலைகள் எல்லாமே இதே வேலையை வேறு விதமாகச் செய்கின்றன. சிறிய இலையைச் சுற்றிக் காற்று எளிதில் ஓடுவதால் அது அகன்ற இலை அளவுக்குச் சூடேறுவதில்லை. சூடு குறைந்தால் ஆவியும் குறையும்.

காலையில் புளிக்கும் இலை

இந்தச் சிக்கனத்தின் உச்சத்தை முதலில் கவனித்தவர்களில் ஒருவர், தரங்கம்பாடி மிஷனுக்கு வந்து பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான ஜெர்மானியர் பெஞ்சமின் ஹெய்ன். பெங்களூர் லால்பாக் தோட்டமும் சில ஆண்டுகள் இவர் பொறுப்பில் இருந்தது. ரணகள்ளி இலையை அவர் வெவ்வேறு நேரங்களில் சுவைத்துப் பார்த்தார். பள்ளிப் பிள்ளைகள் புத்தகத்துக்குள் வைத்துக் குட்டி போடுகிறதா என்று பார்ப்பார்களே, அதே இலை. காலையில் கடும் புளிப்பு. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. இதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் 1815இல் அச்சானது.

காரணம் முழுமையாகத் தெளிய நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ரணகள்ளி பகலில் இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. இரவில், காற்று குளிர்ந்து தாகம் தணிந்த பிறகு, திறக்கிறது. அப்போது நுழையும் கரியமில வாயுவை மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் அடைத்து வைக்கிறது. காலைப் புளிப்பு அந்த அமிலத்துடையது. பகலில் கதவை மூடிக்கொண்டே, அமிலத்திலிருந்து வாயுவை மீட்டு, வெயிலைக் கொண்டு உணவாக்குகிறது. மாலைக்குள் அமிலம் தீர்ந்துபோகிறது. இதை இரவுச் சேமிப்பு முறை என்போம்.

சோற்றுக்கற்றாழை, சப்பாத்திக்கள்ளி, பிரண்டை, அன்னாசி, இப்போது பல தோட்டங்களில் ஏறும் டிராகன் பழம் எல்லாம் இந்த முறையைக் கையாள்பவை. ஒரு கிலோ உலர் எடை கூட்டச் சாதாரணச் செடிகள் நூற்றுக்கணக்கான லிட்டர் செலவழிக்கும் இடத்தில், இவை அதில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோ செலவழிக்கின்றன. ஆனால் இரவில் அடைத்து வைக்கும் இடம் அளவோடுதான் இருக்கும் என்பதால் இவற்றில் பலவும் மெல்லத்தான் வளரும். ஹெய்னைப் பின்பற்றி நீங்கள் ரணகள்ளியைச் சுவைக்க வேண்டாம்; அதில் இதயத்தைத் தாக்கும் சத்துகள் உண்டு.

நாம் வேரைக் கெடுப்பது எப்படி?

இப்போது சுற்றுச்சுவருக்குள் திரும்புவோம். ஒரு வேப்பங்கன்றை நட்டு, அரை மீட்டர் குறுக்களவில் பாத்தி கட்டுகிறீர்கள். அதன் பரப்பு ஒரு சதுர மீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. தினமும் 2 லிட்டர் ஊற்றினால் உலர்ந்த மண்ணில் ஈரம் நாலு விரற்கடை இறங்கும். மாலைக்குள் அதில் பெரும்பகுதியை வெயில் எடுத்துவிடும். கீழே மண் தூளாகவே இருக்கும்.

வேர் காய்ந்த மண்ணைத் துளைத்துக்கொண்டு தண்ணீரைத் தேடிப் போகும் என்ற நம்பிக்கை தவறு. ஈரம் இருக்கும் வரைதான் வேர் இறங்கும். தினமும் மேலாக ஊற்றினால் வேரும் மேலாகவே பரவும். பிறகு நாலு நாள் ஊருக்குப் போய்விட்டு வந்தால் கன்று காய்ந்து நிற்கும். இனத்தால் அது வேம்புதான். ஆனால் அதன் கணக்கில் இருப்பது புல்லுக்கு உரிய 15 லிட்டர்தான்.

அதே 14 லிட்டரை வாரத்துக்கு ஒருமுறை சேர்த்து ஊற்றிப் பாருங்கள். ஈரம் இரண்டடி ஆழம் போகும். மேல்மண் இரண்டு நாளில் காய்ந்துவிடும், ஆனால் அடியில் ஈரம் நிற்கும், வேர் அதன் பின்னாலேயே இறங்கும். ஒரு சொட்டுகூடக் கூடுதல் செலவில்லாமல் செடியின் குணமே மாறிவிடுகிறது.

நர்சரியில் வாங்கும்போதும் இதே கவனம் வேண்டும். ஆள் உயரம் வளர்ந்து, பாலிதீன் பைக்குள் வேர் சுருண்டு சுற்றிக்கொண்ட கன்று நிலத்தில் வைத்த பிறகும் சுருண்டே வளரும். முழங்கால் உயரக் கன்று போதும். பையைக் கிழித்து, அடியில் சுருண்ட வேரை வெட்டிவிட்டு நடுங்கள்.

பர்கூர் வாசலுக்கு ஒரு திட்டம்

நடுவதற்கு ஏற்ற காலம் ஆடிக் கடைசி முதல் புரட்டாசி வரை. மழை ஈரத்தின் பின்னால் இறங்க வேருக்கு மூன்று மாதம் கிடைக்கும். தையில் நட்டால் அந்த வாய்ப்பே இல்லை. முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒருமுறை, இரண்டாம் ஆண்டு இரு வாரத்துக்கு ஒருமுறை என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போய், மூன்றாம் ஆண்டு மரங்களுக்கு நிறுத்திவிடலாம்.

மூடாக்கு போடாமல் விடாதீர்கள். மாவிலை, தேங்காய் மட்டை, கடலைத் தோல், கேழ்வரகுத் தாள், எது கிடைத்தாலும் நாலு விரல் தடிமனுக்குப் பரப்பினால் மண்ணிலிருந்து நேராக ஆவியாகும் நீர் பெருமளவு குறையும். தண்டை ஒட்டிக் குவிக்காமல் கொஞ்சம் இடம் விடுங்கள். சும்மா கிடக்கும் இடத்தில் புரட்டாசியில் கொள்ளு விதைத்துவிட்டால் மண்ணும் மூடும், தழைச்சத்தும் சேரும். காவேரிப்பட்டணம் அருகே பையூரில் உள்ள வேளாண் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரி நிலத்துக்கென்றே கொள்ளு, சாமை இரகங்களைத் தந்திருக்கிறது. நீலம் மாவிலிருந்து அங்கே தேர்ந்தெடுத்த பையூர் 1 குட்டையாக வளரும் இரகம் என்பதால் சிறிய மனைக்கும் பொருந்தும்.

செடிகளைத் தாகத்தின்படி பிரித்து நடுங்கள். அமெரிக்காவின் டென்வர் நகரக் குடிநீர்த் துறை 1981இல் வறள்தோட்ட முறையைப் பரப்பத் தொடங்கியபோது வலியுறுத்திய பாடங்களில் இதுவும் ஒன்று. துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் வாழை, கீரை. வீட்டை ஒட்டி வாரம் ஒருமுறை தண்ணீர் கேட்கும் மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை. வெளிச்சுற்றில் சீதா, நெல்லி, முருங்கை, புங்கன், ஆவாரை, அரளி, நித்தியகல்யாணி. ரோஜாவையும் கற்றாழையையும் ஒரே பாத்தியில் வைத்தால் ஒன்று காயும், இன்னொன்று அழுகும்.

ஆயிரம் சதுர அடி மாடியில் 20 மி.மீ. மழை பெய்தால் ஏறத்தாழ 1,800 லிட்டர் வடியும். அதைத் தெருச் சாக்கடையில் விடாமல் மரங்களின் பாத்திக்குத் திருப்பினால், மண்ணின் கணக்கு உங்கள் கண்முன்னே நிரம்பும்.

சில செடிகளுக்குக் காய்ச்சல் தேவையும்கூட. காகிதப்பூ தினமும் தண்ணீர் குடித்தால் இலையாகத் தள்ளும், பூக்காது. மாமரம் பூவெடுக்கும் முன் தண்ணீர் கட்டினால் துளிர்தான் வரும் என்பது கிருஷ்ணகிரி மாவட்ட விவசாயிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தாங்கினால் மட்டும் போதாது

வறட்சியை வெல்வதில் சீமைக்கருவேலத்தை மிஞ்ச ஆளில்லை. ஆனால் அது ஏரியையும் ஓடையையும் அடைத்துக்கொண்டு, அகற்றக் கோரி நீதிமன்றம் வரை வழக்குப் போன மரம். மலைக்காடுகளில் புதராக மண்டிக்கிடக்கும் உண்ணிச்செடி, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பூவுக்காகத் தோட்டத்தில் வளர்க்கக் கொண்டுவந்தது. தண்ணீரே கேட்காத புதுச் செடி ஒன்றை யாராவது புகழ்ந்தால், அது வேலியைத் தாண்டுமா என்று முதலில் கேளுங்கள்.

கடைசியாக ஒரு சோதனை. பகல் இரண்டு மணிக்குச் செடி தொங்கினால் பதறிக் குழாயைத் திறக்காதீர்கள். காற்று இழுக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடியவில்லை என்றுதான் அதற்குப் பொருள். மண்ணில் ஈரம் இருந்தால் பொழுது சாய்ந்ததும் நிமிர்ந்துவிடும். காலை ஆறு மணிக்குப் பாருங்கள். அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தால் மட்டும் ஊற்றுங்கள், ஊற்றும்போது இரண்டடி ஆழம் இறங்கும்வரை ஊற்றுங்கள். வறட்சியைத் தாங்கும் இனத்தை நர்சரியில் வாங்கிவிடலாம்; அதற்குரிய வேரை முதல் இரண்டு ஆண்டில் நீங்கள்தான் வளர்த்தாக வேண்டும்.